பயிற்சி பெற்ற கைகள்

நுழையும்முன்

பிறர் துன்பம் கண்டு இரங்குவது மனித இயல்பு. ஆனால், இரக்கம் மட்டுமே ஓர் உயிரைக் காத்துவிடுமா? இவ்வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாக்கியவர் மருத்துவர் ஐடா ஸ்கடர் அம்மையார்.

திண்டிவனத்தில் ஓர் இரவு

ஐடா ஸ்கடர் 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய பாட்டனாரும் தந்தையாரும் மருத்துவர்கள்; அமெரிக்காவிலிருந்து வந்து தொண்டாற்றியவர்கள். ஐடாவோ அமெரிக்காவில் கல்வி பயின்று, அங்கேயே வாழ விரும்பினார். தாயாரின் உடல்நலம் குன்றியதால், அவருக்குத் துணையாக 1890இல் திண்டிவனம் வந்து சேர்ந்தார்.

அங்கு ஓர் இரவில், மகப்பேற்றின்போது உயிருக்குப் போராடிய மூன்று பெண்களின் கணவர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து ஐடாவின் உதவியை நாடினர். தம் தந்தையாரை அனுப்புவதாக அவர் கூறியும், ஆண் மருத்துவர் பெண்ணைத் தொட்டு மருத்துவம் பார்ப்பதை அக்கால வழக்கம் ஏற்காததால் மூவரும் திரும்பிச் சென்றனர். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்ற செய்தி வந்தது. அன்று ஐடாவிடம் இரக்கம் இருந்தது. மருத்துவப் பயிற்சி இல்லை. அந்த இழப்பே அவரது வாழ்வின் திசையை மாற்றியது.

மருத்துவரும் செவிலியரும்

மருத்துவம் பயில மீண்டும் அமெரிக்கா சென்ற ஐடா, 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1900இல் திரும்பி வந்து வேலூரில் பெண்களுக்கு மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். 1902இல் அங்கு 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது.

மருத்துவர் வந்து பார்க்கும் நேரம் சிறிது; நோயாளி படுக்கையில் கழிக்கும் நேரம் பெரிது. அறுவை சிகிச்சை வெற்றி பெற்றாலும், அதன்பின் காய்ச்சலையும் குருதிப்போக்கையும் உரிய நேரத்தில் கண்டறிய ஆளில்லையெனில் உயிர் தங்காது. செவிலியர் பணிக்குப் பெண்களை அனுப்பக் குடும்பங்கள் தயங்கிய அக்காலத்தில், 1909இல் ஐடா செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் நிறுவினார். 1946இல் வேலூரில் செவிலியர் பட்டப்படிப்பு தொடங்கப்பட்டது. இந்தியாவில் அப்படிப்பை முதன்முதலில் தொடங்கிய நிறுவனங்களுள் இதுவும் ஒன்றாகும். 1960ஆம் ஆண்டு மே மாதம் கொடைக்கானலில் அம்மையார் மறைந்தார்.

இன்றைய தேவை

செவிலியர் கல்வி இன்று மேலும் பல படிகளைக் கடந்துள்ளது. தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசக் கருவியின் துணையோடு கிடக்கும் நோயாளி, தம் வலியை வாய்விட்டுச் சொல்ல இயலாதவர். நாடித்துடிப்பிலும் மூச்சிலும் சிறுநீரின் அளவிலும் தோன்றும் சிறு மாற்றங்களே அவர் பேசும் மொழி. அம்மொழியை அறிந்து, மூச்சுக்குழாயில் தேங்கும் சளியை அகற்றி, நோய்த்தொற்றைத் தடுத்து, மருந்தை அளவு பிறழாமல் செலுத்துபவர் செவிலியரே.

ஆகவே, பொதுச் செவிலியர் கல்வியை முடித்து மாநிலச் செவிலியர் குழுமத்தில் பதிவு செய்தவர்களுக்குத் தீவிர சிகிச்சைச் செவிலியத்தில் ஓராண்டுப் பட்டயப்படிப்பை இந்தியச் செவிலியர் குழுமம் வகுத்துள்ளது. பட்டம் பெற்றுப் பணியனுபவமும் உடையோர்க்கு இரண்டாண்டு முதுநிலைப் படிப்பும் உண்டு.

பல மாநிலத் தொழிலாளர்கள் வாழும் பின்னலாடை நகரமான திருப்பூரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இத்தகைய நகரங்களில் கட்டடங்களும் கருவிகளும் பெருகுகின்றன. உறவினர் அருகில் இல்லாத தொழிலாளி நள்ளிரவில் நினைவிழந்து கொண்டுவரப்படும்போது, அக்கருவிகளுக்கு உயிர் கொடுப்பவை பயிற்சி பெற்ற கைகளே. திண்டிவனத்தின் அந்த இரவில் கிடைக்காமற்போன கைகள் அவை. அவற்றை உருவாக்குவதற்கே ஐடா அம்மையார் தம் வாழ்நாளைச் செலவிட்டார்.