சிரம்பான் டாக்டர் சிவானந்தரான கதை

தேர்வில் எதிர்பார்த்த மதிப்பெண் வராதபோதும், விரும்பிய துறையில் இடம் கிடைக்காதபோதும், கோயிலுக்குப் போய் வா, மனம் தெளியும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். இறைநம்பிக்கை உண்மையிலேயே மனத்துக்குப் பலம் தருமா? நம் மலாயா மண்ணில் பத்து ஆண்டுகள் வேலை செய்த ஒருவரின் வாழ்க்கை இதற்குப் பதில் சொல்கிறது. அவர்தான் சுவாமி சிவானந்தர்.

1887ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் தேதி, திருநெல்வேலிச் சீமையில் பாய்க்குப் பெயர்பெற்ற பத்தமடையில் பிறந்தார். இயற்பெயர் குப்புசாமி. தஞ்சாவூரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது தந்தை காலமானார். படிப்பு பாதியில் நின்றது. ஆனாலும் மருத்துவத்தை அவர் விடவில்லை. ‘அம்புரோசியா’ என்ற மருத்துவ இதழைத் தாமே தொடங்கி நடத்தினார்.

1913இல் மலாயாவுக்குக் கப்பல் ஏறினார். தோட்டங்களில் பால்மரம் சீவத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் நம் பினாங்குத் துறைமுகத்தில் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. சைவ உணவில் கண்டிப்பானவர் என்பதால், அம்மா செய்து கொடுத்த இனிப்புகளையும் தண்ணீரையும் மட்டுமே வைத்துக் கடலைக் கடந்தார். கரை சேர்ந்தபோது உடல் தளர்ந்திருந்தது. கையில் வேலையும் இல்லை. அலைந்து தேடி, சிரம்பான் அருகே ஒரு தோட்ட மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கு ஏறக்குறைய ஏழு ஆண்டுகள், பிறகு ஜொகூரில் மூன்று ஆண்டுகள். ஏழை நோயாளிகளுக்குச் சில நேரங்களில் மருந்தோடு தம் பணத்தையும் கொடுத்தனுப்புவார். நாள்தோறும் வழிபாடும் நடந்தது.

நல்ல சம்பளமும் பெயரும் இருந்தும், உடலின் நோயைத் தீர்த்தால் மட்டும் மனிதனின் துன்பம் தீருவதில்லை என்ற எண்ணம் அவரை விடவில்லை. 1923இல் வேலையைத் துறந்து இந்தியா திரும்பினார். 1924இல் ரிஷிகேசத்தில் துறவு பூண்டார்.

துறவியான பிறகும் அவர் கைகள் மருத்துவரின் கைகளாகவே இருந்தன. தம் காப்புறுதிப் பணத்தைக் கொண்டு 1927இல் லட்சுமண் ஜூலாவில் இலவச மருந்தகம் தொடங்கினார். 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவினார்.

அவருடைய மன உறுதிக்குப் பெரிய சோதனை 1950 ஜனவரியில் வந்தது. மாலை வழிபாட்டின்போது ஒருவன் கோடரியால் அவரைத் தாக்கினான். நல்லவேளையாக உயிர் தப்பினார். அவனைத் தண்டிக்க வேண்டும் என்று மற்றவர்கள் கொதித்தார்கள். அவரோ அவனை மன்னித்து, புத்தகங்கள் கொடுத்து ஊருக்கு அனுப்பிவைத்தார். அந்த நேரத்தில் கோபம் வராமல் இருக்க எவ்வளவு பலம் வேண்டும்!

அந்தப் பலம் ஓர் இளைஞருக்கும் கைகொடுத்தது. விமானப்படைத் தேர்வில் 25 பேரில் 8 பேருக்கு மட்டுமே இடம். 9ஆவதாக வந்து வாய்ப்பை இழந்த அவர், மனமுடைந்து ரிஷிகேசம் போனார். அவர் முஸ்லிம். சிவானந்தருக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. துயரத்தைக் கேட்டார், இந்தத் தோல்வியை மறந்து, எதற்காகப் பிறந்தோம் என்று தேடும்படி தேற்றினார். அந்த இளைஞர்தான் பின்னாளில் இந்தியக் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம்.

சிவானந்தர் 1963 ஜூலை 14ஆம் தேதி மறைந்தார். இறைநம்பிக்கை அவர் வாழ்வில் துன்பம் வராமல் தடுக்கவில்லை. படிப்பு நின்றது, பசி வந்தது, கோடரியும் வந்தது. ஒவ்வொரு முறையும் அடுத்து என்ன செய்வது என்று நிதானமாகப் பார்க்கும் மனத்தை அந்த நம்பிக்கை அவருக்குத் தந்தது.

அந்த மனம் ஒரே நாளில் வருவதில்லை என்பதும் அவருக்குத் தெரியும். அதனால்தான் எத்தனை மணிக்கு எழுந்தோம், எத்தனை முறை கோபப்பட்டோம், எத்தனை பொய் சொன்னோம் என்று தினமும் நாட்குறிப்பில் எழுதச் சொன்னார். மாணவர்களே, எந்தச் சமயத்தவராக இருந்தாலும், வழிபாட்டுக்குப் பின் ஐந்து நிமிடம் ஒதுக்கி நாமும் எழுதிப் பார்க்கலாமே!