சிட்டு காட்டிய வழி

சென்ற ஐப்பசித் திங்களில் ஒருநாட் காலை, வவுணதீவிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்து மட்டக்களப்பு நகருக்குச் சென்றேன். அங்கே மாடிக் கட்டடம் ஒன்றின் கண்ணாடிச் சுவரடியில் ஆறுமணிக்குருவி ஒன்று இறந்து கிடந்தது. இந்தியக் காடுகளிலிருந்து கடல் கடந்து நம் நாட்டுக்கு வரும் பறவை அது. கண்ணாடியில் தெரிந்த வானத்தை மெய்யான வானமென்று நம்பிவிட்டது போலும். குனிந்து படம் எடுத்தேன். பக்கத்துக் கடைப் பெரியவர், செத்ததைப் படம் பிடிப்பது வீட்டுக்கு ஆகாதென்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாவை அளவுக்கு மிஞ்சிக் கண்ட மண் இது. அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் வழிநெடுகப் பறவையறிஞர் சாலிம் அலியின் நினைவே என் நெஞ்சில் நின்றது.

1896 நவம்பர் 12 இல் பம்பாயிலே பிறந்த அவர், ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தவர். தாய்மாமன் அமிருதீன் தயப்ஜியின் வீட்டில் வளர்ந்தார். காற்றுத் துப்பாக்கியால் குருவி சுடுவது அச்சிறுவனுக்கு விளையாட்டு. பத்துப் பன்னிரண்டு வயதில் அவன் வீழ்த்திய சிட்டொன்றின் தொண்டையிலே மஞ்சள் தீற்றல் தெரிந்தது. ஊர்க்குருவிக்கு அந்நிறம் இல்லையே என்று வியந்து மாமனிடம் காட்டினான். அவர் அவனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். கழகச் செயலாளர் மில்லார்ட் அப்பறவையை இனங்கண்டு கூறியதோடு, இழுப்பறைகளைத் திறந்து, பாடம்செய்து அடுக்கிய பறவைகளையும் காட்டினார். உயிரற்ற அவ்வரிசைகளே உயிருள்ள பறவைகளின்பால் அச்சிறுவனை ஈர்த்தன.

பின்னாளில் பெர்லினில் ஸ்திரேசெமானிடம் பயின்று 1930 இல் திரும்பியபோது அவருக்கு வேலை இல்லை. கிஹிம் என்னும் கடலோரச் சிற்றூரில் தங்கித் தூக்கணாங்குருவியின் குடும்பவாழ்வை ஆராய்ந்தார். 1939 இல் மனைவி தெஹ்மினா மறைந்தார். துயரம் ஆறாத நிலையிலும் பணியை அவர் விடவில்லை; 1941 இல் இந்தியப் பறவைகள் பற்றிய நூல் வெளிவந்தது. டில்லன் ரிப்ளியுடன் 1968 முதல் 1974 வரை வெளியிட்ட பத்துத் தொகுதிகளில் இலங்கைப் பறவைகளும் இடம்பெற்றன.

ஆராய்ச்சிக்காக அவர் பறவைகளைச் சுட்டதுண்டு. அதனை அவர் மறைத்ததில்லை. 1959 முதல் அவருடைய கழகம் ஆயிரக்கணக்கான பறவைகளின் காலில் எண் பொறித்த வளையமிட்டுப் பறக்கவிட்டது. அவற்றுள் ஒன்று தொலைவில் எங்கோ இறந்து கிடக்குமாயின், யாரேனும் குனிந்து அதன் காலைப் பார்த்து எழுதியனுப்ப வேண்டும். அப்பொழுதே அது சென்ற தூரம் தெரியவரும். அருவருத்து விலகிப்போனால் அச்செய்தியும் பறவையோடு மண்ணாகிவிடும். 1987 ஜூன் 20 இல், தொண்ணூறு வயதில், அவர் காலமானார். சிட்டொன்றின் வீழ்ச்சியையே தம் தன்வரலாற்று நூலுக்குப் பெயராக வைத்திருந்தார்.

மறுநாள் வகுப்பிலே நான் எடுத்த படத்தைக் காட்டினேன். பிள்ளைகள் சிலர் கண்களைப் பொத்திக்கொண்டனர். பின்வாங்கில் இருந்த சிறுவன் ஒருவன் மட்டும் எழுந்துவந்து உற்றுப் பார்த்தான்; இது எந்த ஊரிலிருந்து வந்தது சேர் என்று கேட்டான். பாடநூலை மூடிவைத்துவிட்டுத் தேசப்படத்தை விரித்தேன்.