நந்தனாரைப் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார்

நம் இல்லங்களில் குழந்தைகள் பயிலும் தமிழ்க் கீர்த்தனைகளுள் நந்தனார் சரித்திரப் பாடல்களுக்குத் தனியிடம் உண்டு. அவற்றை இயற்றிய பெருமகனாரின் வரலாற்றை அறிந்தவர்களோ சிலரே. அப்பாடல்கள் உலகில் வழங்கத் தொடங்கிய கதை, அவற்றைப் போலவே உள்ளத்தை உருக்குவதாகும்.

கோபாலகிருஷ்ண பாரதியார் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் தோன்றினார். முடிகொண்டானிலும் ஆனதாண்டவபுரத்திலும் வாழ்ந்தார். திருவிடைமருதூரில் இராமதாசர் என்பாரிடம் இந்துஸ்தானி சங்கீதம் பயின்றார். இல்லறத்தை நாடாது, தில்லைக் கூத்தனையே நினைந்து பாடுவதைத் தம் வாழ்வாகக் கொண்டார். திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகளின் ஆபோகிக் கீர்த்தனத்தைக் கேட்டு, அதே இராகத்தில் தில்லைச் சபாபதியைப் போற்றி ஒரு கீர்த்தனம் இயற்றினார் என்பர்.

சேக்கிழார் பெருமான் திருநாளைப்போவாரின் வரலாற்றைச் சுருக்கமாகவே கூறினார். பாரதியார் அதனை விரித்தார். பெரியபுராணத்தில் இல்லாத வேதியர் ஒருவரைப் பண்ணையின் தலைவராகப் படைத்தார். தில்லை செல்ல விடை கேட்கும் நந்தனை 40 வேலி நிலத்தின் வேலையை முடிக்கும்படி ஏவுகிறார் அவ்வேதியர். இறையருளால் அது ஒரே இரவில் முடிகிறது. ஏங்கி நிற்கும் அடிமையின் குரலைக் கீர்த்தனையாகவும், கண்ணியாகவும், நொண்டிச் சிந்தாகவும் பாரதியார் இசைத்தார். பாமரரும் பாடத்தக்க எளிய சொற்களே அவர் கையாண்டவை. நாகையில் அவர் அதனைக் கதையாக நிகழ்த்தியபோது மக்கள் திரண்டனர். காரைக்காலில் பிரெஞ்சு அதிகாரியாக இருந்த சீசே என்பார் அதனை அச்சேற்ற முன்வந்தார்.

நூல் வெளிவரப் புலவர் ஒருவரின் சிறப்புப்பாயிரம் வேண்டுமென்பது அக்கால வழக்கு. ஆகவே பாரதியார் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை நாடினார். பிள்ளையவர்களோ இசைந்தாரில்லை. இலக்கண வழுக்கள் மலிந்துள்ளன என்பதும், மூலக்கதையினின்று விலகிவிட்டது என்பதும் அவர் கருத்து. பாரதியார் சினங்கொள்ளவில்லை, பலமுறை வந்து காத்திருந்தார். ஒருநாள் நண்பகலில் பிள்ளையவர்கள் உள்ளே இளைப்பாறிக்கொண்டிருக்க, வெளியே அமர்ந்திருந்த பாரதியார் தம்மை மறந்து நந்தன் கீர்த்தனை ஒன்றைப் பாடலானார். கேட்ட புலவரின் கண்கள் கலங்கின. இலக்கணம் காத்த கதவை இசை திறந்தது. அன்றே பாயிரம் கிடைத்தது. தில்லை வாயிலில் நின்ற நந்தனைப் பாடியவர், தாமும் ஒரு வாயிலில் நின்றே தம் நூலுக்கு வழி பெற்றார். 1861ஆம் ஆண்டையொட்டி நூல் அச்சாயிற்று.

பின்னர் மாயூரத்தில் பிள்ளையவர்களிடம் தமிழ் பயில வந்த இளைஞர் ஒருவர், பாரதியாரிடம் சில காலம் இசையும் கற்றார். ஆசிரியர் அதனை விரும்பாமையால் அப்பயிற்சி நின்றது. அவ்விளைஞரே பிற்காலத்து டாக்டர் உ. வே. சாமிநாதையர். அவர் தம் இசையாசிரியரின் வரலாற்றை நூலாக எழுதி வைத்தமையாலன்றோ, இவற்றை நாம் இன்று அறிகிறோம்!

பாரதியார் 1896இல் மகாசிவராத்திரி நன்னாளில் இறைவனடி சேர்ந்தார். பாடல்களோ வாழ்ந்தன. தஞ்சை கிருஷ்ண பாகவதர் அவற்றைக் கதாகாலட்சேபத்தில் நாடறியச் செய்தார். சுதேசி இயக்க நாளில் சுப்பிரமணிய பாரதியார் நந்தன் மெட்டுக்களில் விடுதலைப் பாடல்கள் புனைந்தார். 1935இல் கே. பி. சுந்தராம்பாளும், 1942இல் தண்டபாணி தேசிகரும் திரைப்படத்தில் நந்தனாராகத் தோன்றினர்.

புலவர் பாராட்டும் முன்பே மக்கள் அப்பாடல்களை ஏற்றுக்கொண்டுவிட்டனர். வாயிலில் தடுக்கப்பட்ட ஒரு மனிதனின் ஏக்கம் அவற்றில் ஒலித்ததே அதற்குக் காரணம். நம் குழந்தைகளுக்கு அவற்றின் இராகத்தைக் கற்பிக்கும்போது, நந்தன் ஏன் வெளியே நின்றான் என்பதையும் சொல்லிக் கொடுப்போமாக. பாட்டின் பொருள் அப்பொழுதே முழுமையுறும்.