கண்டதை எழுதிய மருத்துவர் கார்சியா தெ ஓர்த்தா

புளியையும் மிளகையும் பற்றி ஒரு நூல் எழுதுவது அவ்வளவு பெரிய செயலா என்று சிலர் கேட்கலாம். 16ஆம் நூற்றாண்டில் அது பெரிய செயலாகவே இருந்தது. ஐரோப்பிய மருந்துக் கடைகளில் கீழைநாட்டுச் சரக்குகள் விற்றன. ஆனால் அவை எந்த மரத்தில், எந்தக் கொடியில் விளைகின்றன என்பதை அங்கிருந்த பேராசிரியர்கள் நேரில் கண்டதில்லை. பண்டைக் கிரேக்கரும் அரேபியரும் எழுதி வைத்தவற்றையே மாணவர்க்கு ஓதி வந்தனர். அந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் போர்ச்சுகீசிய மருத்துவர் கார்சியா தெ ஓர்த்தா. அவரைப் பற்றி நான் படித்து அறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

பிறப்பும் கல்வியும்

ஸ்பெயின் எல்லையை ஒட்டிய காஸ்டெலோ தெ வீதெ என்னும் ஊரில் 1501ஆம் ஆண்டளவில் ஓர்த்தா பிறந்தார். அவருடைய பெற்றோர் யூதர்கள். 1492இல் ஸ்பெயின் அரசு யூதர்களை நாடு கடத்தியபோது போர்ச்சுகலுக்கு வந்தவர்கள். அங்கும் அமைதி கிட்டவில்லை. 1497இல் யூதர்கள் அனைவரும் வலுக்கட்டாயமாக மதம் மாற்றப்பட்டனர். இவ்வாறு மாறியோரைப் ‘புதிய கிறித்தவர்’ என்று அழைத்து, ஐயக் கண்கொண்டே நோக்கினர்.

ஓர்த்தா ஸ்பெயினின் சலமங்கா, அல்காலா பல்கலைக்கழகங்களில் தத்துவமும் மருத்துவமும் பயின்றார். தாயகம் திரும்பி மருத்துவத் தொழில் நடத்தினார். பின்னர் லிஸ்பன் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகவும் பணியாற்றினார்.

இந்தியா நோக்கி

1534 மார்ச்சில், மார்ட்டிம் அபோன்சோ தெ சோசா என்னும் கடற்படைத் தலைவரின் மருத்துவராக ஓர்த்தா கப்பலேறினார். அவ்வாண்டு செப்டம்பரில் கோவாவை அடைந்தார். 1536இல் போர்ச்சுகலில் மத விசாரணை மன்றம் நிறுவப்பட்டது என்பதை நோக்கும்போது, அவர் தக்க தருணத்தில் புறப்பட்டார் என்றே சொல்லத் தோன்றுகிறது.

சில ஆண்டுகள் சோசாவுடன் மேற்குக் கடற்கரையில் சுற்றிய பின் அவர் கோவாவிலேயே தங்கிவிட்டார். ஆளுநர்களுக்கு மருத்துவம் பார்த்தார். அகமதுநகர் மன்னர் புர்ஹான் நிஜாம் ஷாவுக்கு மருத்துவராகவும் நண்பராகவும் விளங்கினார். மருந்துச் சரக்கும் மணிக்கற்களும் வாணிகம் செய்தார். பம்பாய்த் தீவு அவருக்குக் குத்தகையாகக் கிடைத்தது. தம் தோட்டத்தில் மூலிகைகளை வளர்த்துப் பார்த்தார். உள்நாட்டு வைத்தியர்களிடமும் வணிகர்களிடமும் கேட்டுக் கேட்டு அறிந்தார்.

அரிய நூல்

இவ்வாறு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சேர்த்த அறிவு, 1563 ஏப்ரலில் கோவா அச்சகத்தில் நூலாக வெளிவந்தது. இந்தியாவின் எளிய மருந்துகள், சரக்குகள் பற்றிய உரையாடல்கள் என்பது அதன் பெயரின் பொருள். கற்றோர் மொழியாகிய இலத்தீனில் எழுதாமல் தாய்மொழியிலேயே எழுதினார். பெரும்புலவர் கமோயின்ஸின் கவிதைகளுள் முதலில் அச்சேறியது இந்நூலின் முகப்பில் இடம்பெற்ற கவிதையே என்பர்.

நூலில் இருவர் உரையாடுகின்றனர். ஒருவர் ஓர்த்தா. மற்றவர் ருவானோ என்னும் கற்பனைப் பாத்திரம். ருவானோ ஏட்டில் படித்ததைச் சொல்லி வினவ, ஓர்த்தா கண்ணால் கண்டதைச் சொல்லி விடையிறுக்கிறார். இடையிடையே அன்டோனியா என்னும் அடிமைப் பெண் செடிகளையும் காய்களையும் கொண்டு வந்து காட்டுகிறாள்.

‘இந்தியப் பேரீச்சை’ என்னும் அரபுப் பெயரால் புளியைப் பேரீச்சை இனமாகக் கருதியவர் உண்டு. அம்மரம் பனை வகையே அன்று என்று ஓர்த்தா விளக்கினார். என் குடும்பத்தில் எனக்கு முன் கல்லூரி வாசலை மிதித்தவர் எவருமில்லை. ஆயினும் புளியமரத்தைப் பேரீச்சை என்று சொல்லக்கூடியவரும் எவருமில்லை! ஏட்டறிவும் நேரறிவும் வேறு வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

திப்பிலி வேறு, மிளகு வேறு என்றும் அவர் தெளிவாகக் கூறினார். வாந்திபேதி நோயாளியை நேரில் கண்டு, அந்நோயின் போக்கை விரிவாகப் பதிவு செய்தார். அவரும் தவறாதவர் அல்லர். கருமிளகும் வெண்மிளகும் வெவ்வேறு கொடிகளில் விளைவன என்று எழுதினார். ஒரே கொடியின் கனிகளே இருவகையாகப் பக்குவப்படுத்தப்படுகின்றன என்பதை நாம் இன்று அறிவோம். முன்னோர் கூற்றை ஆராய்ந்தே ஏற்க வேண்டும் என்ற அவரது விதி அவருக்கும் பொருந்துவதுதானே!

1567இல் குளூசியஸ் என்னும் தாவரவியலார் இந்நூலைச் சுருக்கி இலத்தீனில் வெளியிட்டார். அதன் வழியே ஓர்த்தாவின் செய்திகள் ஐரோப்பா முழுவதும் பரவின.

இறுதியும் அதற்குப் பின்னும்

1560இல் மத விசாரணை மன்றம் கோவாவிலும் அமைக்கப்பட்டது. ஓர்த்தா 1568இல் இயற்கை எய்தினார். மறு ஆண்டே அவருடைய தமக்கை தங்கையருள் ஒருவரான கத்தரீனா, யூத சமயத்தை மறைவாகப் பின்பற்றினார் என்ற குற்றத்திற்காகத் தீயிலிடப்பட்டார். ஓர்த்தாவும் அவ்வாறே வாழ்ந்தார் என்று விசாரணையில் கூறப்பட்டது. 1580இல் அவருடைய எலும்புகள் தோண்டியெடுக்கப்பட்டு எரிக்கப்பட்டன.

கண்டதை அஞ்சாது சொன்னவர் அவர். கிரேக்கப் பேரறிஞர்களையும் மறுத்தவர். ஆயினும் தம் நெஞ்சில் இருந்ததை மட்டும் வாழ்நாள் முழுதும் சொல்ல இயலாமல் போயிற்று. இதை எண்ணும்போது என் மனம் கனக்கிறது.

காலம் மாறியது. 1971இல் போர்ச்சுகல் வெளியிட்ட 20 எஸ்குடோ பணத்தாளில் அவர் உருவம் பொறிக்கப்பட்டது. கோவாவின் பனாஜி நகரில் அவர் பெயரால் ஒரு பூங்கா இருக்கிறது. எரித்தவர்களால் எலும்பைத்தான் எரிக்க முடிந்தது. ஆய்வுக்கூடத்தில் ஓர் இலையைக் கையில் எடுக்கும்போது, புத்தகத்தைப் புரட்டுமுன் அந்த இலையை ஒருமுறை நன்றாகப் பார்ப்போம். ஓர்த்தாவுக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி அதுவே.