மைக்கேல் பாரடேயும் சிவந்த தங்கமும்

இலண்டன் மாநகரின் தென்புறத்தே 1791-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் ஓர் ஏழைக் கொல்லரின் மகனாய்ப் பிறந்தவர் மைக்கேல் பாரடே. எழுத்தும் கணக்கும் கற்றதோடு பள்ளிப் படிப்பு நின்றது. புத்தகம் கட்டும் கடையில் ஏழாண்டுகள் தொழில் பயின்றார்; கட்ட வந்த நூல்களைப் படித்தும் விட்டார். 1812-இல் ஹம்பிரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, எடுத்த குறிப்புகளைத் தம் கையாலேயே நூலாகக் கட்டி அவருக்கு அனுப்பினார். மறு ஆண்டே ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளரானார். 1831-இல் காந்தத்தைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கிய வரலாறு நம் பாடநூலிலேயே உள்ளது, இங்கே விரிக்கவில்லை.

தோழியரே, நான் சொல்ல வந்தது அவரது முதுமைக்கால ஆராய்ச்சியை. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. நினைவாற்றலோ குன்றி வந்தது. ஒவ்வொரு சோதனையையும் எண்ணிட்டுக் குறிப்பேட்டில் எழுதும் பழைய பழக்கமே அவருக்குத் துணை. அந்நிலையில், 1856-இல், தங்கத்துக்கும் ஒளிக்கும் உள்ள உறவை ஆராயப் புகுந்தார். தங்க உப்பின் கரைசலில் பாஸ்பரஸ் சேர்த்தபோது நீர் மாதுளைச் சாறுபோல் சிவந்தது! அதனூடே ஒளியைப் பாய்ச்சினார். ஒளியின் பாதை தெரிந்தது. ஆகவே தங்கம் கரைந்துவிடவில்லை, கண் காணாத பொடியாய் மிதக்கிறது என்று தெளிந்தார். சிறிது சமையல் உப்பு இட்டதும் சிவப்பு நீலமாயிற்று. பொடிகள் ஒன்றோடொன்று சேர்ந்ததே காரணம். ஜெலட்டின் கலந்த நீரிலோ சிவப்பு எளிதில் மாறவில்லை. 1857 பிப்ரவரியில் இவற்றை ராயல் சொசைட்டியில் எடுத்துரைத்தார்.

அப்பொடியை இன்று நானோ துகள் என்கிறோம். மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறே நானோமீட்டர். துகளின் அளவையும் வடிவையும் மாற்றி, வேண்டிய நிறத்தைப் பெறலாம். கொரோனாக் காலத்துச் சோதனை அட்டைகள் பலவற்றில் தோன்றிய சிவப்புக் கோடு இத்தங்கமே. நுண்ணிய சிலிக்கா மணிமீது மெல்லிய தங்கத்தோல் போர்த்தினால், தசைக்குள் ஊடுருவும் அகச்சிவப்பு ஒளியை அது பிடித்துச் சூடேறும். அச்சூட்டில் புற்றுக் கட்டி வெந்துபோகும். அமெரிக்காவில் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுள்ள 16 பேரிடம் இதைச் சோதித்த முடிவு 2019-இல் வெளியாயிற்று. ஆனால் இரத்தமும் உப்பு நீர் அல்லவா? உள்ளே துகள்கள் திரண்டுவிடாதிருக்க, உடலுக்கு ஒத்த உறையொன்றை அவற்றின்மேல் பூசுகின்றனர். பாரடேயின் ஜெலட்டின் செய்த அதே வேலை!

இவற்றையெல்லாம் அவர் கனவிலும் கண்டிரார். விக்டோரியா அரசியார் ஹாம்ப்டன் கோர்ட்டில் அளித்த இல்லத்தில், 1867 ஆகஸ்ட் 25-இல், நாற்காலியில் அமர்ந்தபடியே உயிர் நீத்தார். அவர் ஆக்கிய சிவப்பு நீர்ப் புட்டிகள் சில ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் நிறம் மங்காமல் இருக்கின்றன.