குதிரையில் வந்த நர்ஸ்: யார் இந்த மேரி பிரெக்கின்ரிட்ஜ்?

டாக்டரே இல்லாத மலை ஊரில் முதல் சிகிச்சையை யார் பார்ப்பது? நர்ஸே பார்க்கட்டும்னு களத்தில் இறங்கியவர் அமெரிக்காவின் மேரி பிரெக்கின்ரிட்ஜ் (1881–1965).

தாத்தா அமெரிக்காவின் துணை அதிபராக இருந்தவர். வசதிக்குக் குறைவில்லை. ஆனால் 1916-ல் பிறந்த மகள் சில மணி நேரத்தில் இறந்தாள். 1918-ல் 4 வயது மகனும் போய்விட்டான். அதன்பிறகு அடுத்தவங்க குழந்தைகளுக்காகவே வாழ முடிவு செய்தார்.

இங்கிலாந்தில் பிரசவம் பார்க்கப் படித்துவிட்டு, 1925-ல் கென்டக்கி மலைப்பகுதியில் நர்ஸ் சேவையைத் தொடங்கினார். ரோடு கிடையாது, குதிரைதான். சேணப்பையில் மருந்தும் பிரசவக் கருவிகளும். பிரசவத்தோடு நிற்கவில்லை, தடுப்பூசி, காய்ச்சல், காயம் என மொத்த வீட்டுக்கும் அந்த நர்ஸ்கள்தான். இவர்கள் பார்த்த பிரசவங்களில் தாய்மார் இறப்பு, தேசிய சராசரியைவிட ரொம்பவே குறைவு.

கறுப்பின நர்ஸ்களை அவர் வேலைக்குச் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1939-ல் இந்த அமைப்பு ஆரம்பித்த பிரசவப் பயிற்சிப் பள்ளி, 1970-ல் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பையும் தொடங்கியது.