கேலன் கண்ட குரல் நரம்பு

வெளிப்படுத்தின விசேஷத்திற் கூறப்படும் ஏழு சபைகளுள் ஒன்று பெர்கமு பட்டணத்துச் சபை என்பது வேதாகமம் வாசிப்போர் அறிந்ததே. அப்பட்டணத்தில் கி.பி. 129-இல், நிக்கோன் என்னும் கட்டடக் கலைஞருக்கு மகனாய்ப் பிறந்தவர் கேலன். தந்தையார் கண்ட கனவொன்றே இவரை வைத்தியம் பயிலச் செய்தது. சிமிர்னா, கொரிந்து, அலெக்சந்திரியா ஆகிய இடங்களிற் கற்றுத் திரும்பி, 157-இல் தம் ஊரிலேயே வாட்போர் மல்லருக்கு வைத்தியரானார். 162-இல் ரோமாபுரி சேர்ந்தார்.

குரலை ஆள்வது எவ்வுறுப்பு என்பது அக்காலத்துப் பெருவழக்கு. மூச்சு மார்பினின்று எழுதலால், பேச்சும் அறிவும் இருதயத்தில் உறைவனவென்று ஸ்தோயிக்கரும் அரிஸ்டாட்டிலின் வழியினரும் சாதித்தனர். அவர்களை நகைத்தற்கில்லை, மனம் என்னுங்கால் நாமும் மார்பையன்றோ தொடுகின்றோம்! கேலனோ மூளையே என்றார்.

நம் குரல்வளையுள் மிகச் சிறிய தசைகள் சில உள. பின்புறத்துள்ள ஓரிணை குரல் நாண்களை விலக்கி மூச்சுக்கு வழிவிடும். வேறு சில நாண்களை நெருக்கி ஒலி பிறப்பிக்கும். ஒன்று நீங்கலாக இவற்றையெல்லாம் இயக்குவது, பக்கத்துக்கு ஒன்றாக அமைந்த மெல்லிய நரம்பு. அது மூளையடியினின்று நேரே குரல்வளையை அடைவதில்லை. மார்பு நோக்கி இறங்கி, இடப்புறம் பெருநாடியையும் வலப்புறம் மற்றொரு நாடியையும் சுற்றிக்கொண்டு மீண்டும் மேலேறுகின்றது. கப்பியிற் சுற்றிய கயிற்றுக்கு இதனை ஒப்பிட்டார் கேலன்.

ரோமாபுரியிற் பிளாவியு போயத்து என்னும் பிரபு கூட்டிய அவையில், பன்றியொன்றின் கழுத்தைத் திறந்து இந்நரம்பைக் காட்ட அவர் முற்பட்டார். தமஸ்குவைச் சேர்ந்த அலெக்சந்தர் என்னும் தத்துவ ஆசிரியர் குறுக்கிட்டு, புலன்கள் காட்டுவதை நம்பலாமோ என வினவினார். கேலன் சினந்து வெளியேறிவிட்டார்! அடக்கம் அவரிடம் சிறிதும் இருந்ததில்லை. பின்னர் அவையோர் வேண்ட, மீண்டு வந்து செய்து காட்டினார். நரம்புகளை நூலாற் கட்டியதும், அலறிய பன்றி வாயடைத்தது. கட்டை அவிழ்த்ததும் மீண்டும் அலறியது. வாசிக்கையில் நெஞ்சு கூசுகின்றது. ஆயினும் வழக்குத் தீர்ந்தது அவ்விலங்கினாலேயே.

கண்டமாலைக் கட்டியை நீக்கப்புகுந்த வைத்தியர் ஒருவர் இந்நரம்பை அறியாது சிதைத்தமையால், சிறுவன் ஒருவன் பாதிக் குரலை இழந்தான் என்பதும் கேலன் எழுதிவைத்த செய்தி. ஒருபக்கத்து நரம்பே கெட்டமையால் மறுபாதி எஞ்சியது.

சக்கரவர்த்தி மார்க்கு அவுரேலியுவுக்கும் வைத்தியராயிருந்த இவருடைய நூல்களிற் பல 192-இல் ரோமாபுரித் தீயில் எரிந்தன. மனிதப் பிணங்களை அறுத்தாராயாமல் குரங்கு, பன்றிகளையே அறுத்தமையால் நேர்ந்த பிழைகள் பலவற்றை 1543-இல் வெசாலியு எடுத்துக் காட்டினார். இந்நரம்பின் செய்தியோ நிலைத்துவிட்டது. முன்கழுத்துக் கழலையை அறுக்கும் சத்திர வைத்தியர், கத்தி படாமற் காக்கும்பொருட்டு, இன்றும் இந்நரம்பைத் தேடிக் கண்டுகொள்கின்றனர்.